ஏழு வருஷமாக ஒரே சொல்

"எனக்கு இங்கிலீஷ் வராது டீச்சர். ஏழு வருஷமா ஒரே சொல்லுலயே நிக்கிறேன்."

சொன்னவர் மா குவோலியாங். யாங்சி ஆற்றில் முப்பது வருஷம் படகு ஓட்டி, சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கி ஓய்ந்தவர். டீச்சர் ஷென் லான் அவருடைய மகனைவிடச் சின்னவள். ஆனாலும் குரு குருதான் என்று நின்றுகொண்டே பேசினார்.

"என்ன சொல் ஐயா?"

"அபேண்டன்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சீனாவில் இங்கிலீஷ் படிக்கிறவர்கள் வாங்கும் சொற்புத்தகங்கள் பலவற்றில் முதல் சொல்லே அதுதான். கைவிடு என்று பொருள்.

குவோலியாங் ஒவ்வொரு வருஷமும் புத்தாண்டு வசந்த விழா முடிந்த கையோடு அந்த முதல் பக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போடுவார். மூன்றாம் நாள் மூடி வைத்துவிடுவார். முதல் பக்கம் விரல் அழுக்கில் கறுத்துக் கிடந்தது. மற்ற பக்கமெல்லாம் கடையில் வாங்கியபடியே இருந்தது.

"இப்ப என்ன அவசரம்?"

"நாளைக்கு மருமக வர்றா. கனடாக்காரி. மூணு வயசுப் பேத்தியையும் கூட்டிட்டு வர்றா. குழந்தைக்கு நம்ம பாஷையில ஒரு சொல் தெரியாது. என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிட்டா நான் என்ன டீச்சர் பண்ணுவேன்?"



"அந்தச் சொல்லை வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

அவருக்கா தெரியாது? தண்ணீர் பட்ட பாடு. மாலுமி கப்பலைக் கைவிட்டான். தாய் நம்பிக்கையைக் கைவிட்டாள். அரசு திட்டத்தைக் கைவிட்டது. மடமடவென்று ஒப்பித்தார்.

"இதெல்லாம் புத்தகத்தோட வாக்கியம். உங்க வாக்கியம் ஒண்ணு?"

குவோலியாங் கையோடு கொண்டுவந்திருந்த சொற்புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து தேடினார்.

டீச்சர் மேஜை டிராயரை இழுத்துத் திறந்தாள்.

அவர் டிராயரைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி டிராயரைப் பார்த்தார்.

பிறகு புத்தகத்தை அதற்குள் போட்டார்.

"நூத்துக்கு நூறு," என்று சொல்லி டீச்சர் டிராயரை மூடினாள்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் ரயில் நிலையத்தில் பேத்தி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

குவோலியாங்குக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நேற்று வரை புத்தகம் இருந்தது. இன்று கை காலி. குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

படகுக்கும் கரைக்கும் நடுவே பலகையில் தயங்கி நிற்கும் பிள்ளைகளிடம் வெள்ளைக்காரத் தாய்மார்கள் இப்படித்தான் கை நீட்டுவார்கள். முப்பது வருஷம் பார்த்தவர். வா என்பதற்கு அவர்கள் சொல்லும் இங்கிலீஷ் தானாக வாயில் வந்தது.

"கம். கம்."

பேத்தி அம்மாவின் காலை விட்டாள்.