அந்த சீட்டுக்கு ஆள் இருக்கு

ஒரு ஊர்ல ஒரு பல் கட்டறவரு இருந்தாரு. பேரு ஆவுடையப்பன். கேக்கறியா? ம் சொல்லணும் கண்ணு. நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும், இல்லேன்னா நின்ன எடத்துலயே நின்னுடும்.

ம்.

பல் கட்டறதுன்னா, வயசானவங்களுக்குப் பல்லெல்லாம் விழுந்துடும் இல்லையா, அவங்களுக்குப் பல் செட் செஞ்சு குடுக்கறது. அவரு மேசை மேல எப்பவும் நாலஞ்சு வாய் சிரிச்சுட்டே இருக்கும். அவரு மட்டும் சிரிக்க மாட்டாரு. அவரு வீட்டுக்காரம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. ஒரே மகன், பேச்சிராஜா.

அப்பாவுக்கு என்ன ஆசைன்னா, மகனும் தன் பக்கத்துல உக்காந்து பல் கட்டணும். மகனுக்கோ பல்லைக் கண்டாலே ஆகாது. சக்கரம்தான் பிடிக்கும். வளந்தான், ஊரு ஊரா அலைஞ்சு ஒரு பழைய ஜீப்போட முன்பாதியைப் பிடிச்சான். அப்புறம் ஒரு சின்ன லாரியோட பின்தொட்டியைப் பிடிச்சான். ஆத்துக்கு அந்தக் கரையில வெல்டிங் கடை வச்சிருந்த சேர்மதுரை அவன் சேக்காளி. ரெண்டு பேரும் சேந்து, ஸ்ஸ்ஸ்னு பொறி பறக்கப் பறக்க, ரெண்டையும் ஒட்ட வச்சு ஒரு வண்டி ஆக்கினாங்க. வாழைத்தார் ஏத்தறதுக்கு.

டுபுடுபு டுபுடுபுன்னு ஓட்டிட்டு வந்து அப்பா கடை முன்னாடி நிறுத்தினான். "அப்பா, ஏறுங்க. பாலம் வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

அப்பா வெளிய வந்து பாத்தாரு. "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. எருமைத் தலையை ஆட்டு உடம்புல வச்ச மாதிரி. இதுக்குப் பேரு வண்டியாடா?"

"ஏறிப் பாத்துட்டு வையுங்கப்பா."

"என் கால் இந்த வண்டியில படாது. போ."

அவன் சிரிச்சுட்டே போயிட்டான். அப்புறம் அந்தக் கரையில சண்முகக்கனின்னு ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு அங்கேயே குடி போயிட்டான். வண்டி தெனமும் அப்பா கடையைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகும். டுபுடுபு சத்தம் தெருமுனையில கேட்டதுமே அவரு முகத்தைச் செவத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. எத்தனையோ நாள் வண்டி போச்சு, வந்துச்சு. அவரு திரும்பவே இல்ல.

ம்.

அப்போ ஒரு ஐப்பசி மாசம், மழை விடாம பேஞ்சுட்டிருக்கு. பேச்சிராஜாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல்னு நெனச்சாங்க. மஞ்சக்காமாலை. அப்பாவுக்குத் தகவல் வந்து, அவரு குடையைக்கூட எடுக்காம ஓடினாரு. போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

ஆமாண்டா கண்ணு, செத்துப் போயிட்டான். அழாதே. இங்க வா, கிட்ட வந்து படு.

அந்த வண்டியை யாரும் வாங்கல. ரெண்டு வண்டி சேந்த வண்டியை யாரு வாங்குவா? பழைய இரும்புக்காரன் வந்து வெட்டி எடுத்துட்டுப் போயிட்டான். அதுக்கு ஒரு போட்டோகூட கிடையாது. சண்முகக்கனி அப்போ வயித்துல பிள்ளையோட இருந்தா. பங்குனியில பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு.

ஆவுடையப்பன் ஒரு கவுனு வாங்கினாரு, ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கினாரு, பாலத்தைத் தாண்டிப் போனாரு. அவ வாசல்ல நின்னா. உள்ள தொட்டில்ல பிள்ளை அழற சத்தம் கேக்குது. அவ வழி விடல.

"அவரு வண்டியில கால் வைக்க மாட்டேன்னீங்க. அவரு வீட்டுலயும் வைக்க வேண்டாம்," அப்படின்னா.

அவரு கவுனை எடுத்துட்டுத் திரும்பி நடந்து வந்தாரு. துக்கம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா நடுவுல ஆறு இல்ல ஓடிச்சு?

ம்.

பிள்ளை வளந்துச்சு. அந்தக் கவுனு பத்தாமப் போச்சு. ஒரு நாள் சேர்மதுரை தன் அம்மாவோட பல் செட்டை வாங்க வந்தவன் சொன்னான், "அண்ணாச்சி, உங்க பேத்தி என் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். எங்க அப்பா வண்டி எங்க, எங்க அப்பா வண்டி எங்கன்னு. நான் எதைக் காட்ட?"

அன்னிக்கு ராத்திரி பூரா அவரு புரண்டு புரண்டு படுத்தாரு. விடிஞ்சதும் மதுரைக்குப் பஸ் ஏறிட்டாரு. அங்க ஒரு பெரிய பொம்மைக் கடையில நாமளே ஒட்டிச் செய்யற வண்டிப் பெட்டி விப்பாங்க. அதுல வண்டி முழுசா இருக்காது. காம்புல இலை ஒட்டிட்டிருக்குமே, அது மாதிரி பிளாஸ்டிக் சட்டத்துல கதவு, சக்கரம், விளக்கு எல்லாம் தனித்தனியா ஒட்டிட்டிருக்கும். டிக் டிக்னு நறுக்கி எடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடிச்சா நெஜ வண்டி மாதிரியே கையளவுல ஒண்ணு வந்துடும். பெட்டி மேல சரக்கு வண்டி படம் போட்டிருந்துச்சு. வாங்கிட்டு வந்தாரு.

பல் செய்யற கை இல்லையா, பளபளன்னு செஞ்சாரு. கொண்டு போனாரு. சண்முகக்கனி வாசல்ல நின்னே பாத்தா.

"இது யாரு வண்டி?"

"பேச்சிராஜா வண்டிம்மா. பிள்ளைக்கு."

"அவரு வண்டிக்கு முன்னாடி ஜீப்பு, பின்னாடி லாரித் தொட்டி. ஊருக்கே தெரியும். தெனம் உங்க கடை முன்னாடிதான் போச்சு." கதவு டப்னு சாத்திடுச்சு.

வண்டின்னா வண்டிதானேன்னு அவரு நெனச்சுட்டாரு பாரு. செவத்தையே பாத்துட்டிருந்தவருக்கு வேற என்ன தெரியும்?

ம்.

மறுபடியும் மதுரை. இந்தத் தடவை ஒரு பெட்டியில ஜீப்பு, இன்னொரு பெட்டியில லாரி. பல்லு அறுக்கற பொடி ரம்பத்தை எடுத்து, கிர்ர் கிர்ர்னு ஜீப்பை நடுவுல அறுத்தாரு. லாரியை அறுத்தாரு. ரெண்டையும் கிட்ட வச்சுப் பாத்தா, சேரல. ஜீப்பு கொஞ்சம் சின்ன உலகத்து வண்டி, லாரி கொஞ்சம் பெரிய உலகத்து வண்டி. தொட்டி அந்தப் பக்கம் ஒரு அரிசி அளவு, இந்தப் பக்கம் ஒரு அரிசி அளவு வெளிய துருத்திட்டு நிக்குது. சர்ர் சர்ர்னு அரத்தால தேய்ச்சாரு. நெறைய தேய்ச்சுட்டாரு, இப்போ நடுவுல இடுக்கு விழுந்துடுச்சு. அந்த இடுக்கை அடைக்க அவருகிட்ட என்ன இருக்கும் சொல்லு? பல் செட்டுக்கு ஈறு வைக்கிற ரோஸ் கலர் மாவுதான். அதைக் குழைச்சு அப்பினாரு. பாத்தா வண்டிக்கு ஈறு முளைச்ச மாதிரி இருக்கு!

சிரிக்கறியா? அவருக்கும் சிரிப்பு வந்துச்சு. மகன் போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் லேசா சிரிச்சாரு. சிரிச்சுட்டு, பக்கத்துல மகன் இருக்கற மாதிரி திரும்பிப் பாத்தாரு. செவருதான் இருந்துச்சு.

அப்புறம் மேல பச்சைப் பெயிண்ட் அடிச்சு, காய வச்சு, துணியில சுத்திக் கொண்டு போனாரு. சண்முகக்கனி இந்தத் தடவை கையில வாங்கினா. திருப்பித் திருப்பிப் பாத்தா. கண்ணை இடுக்கிக்கிட்டு வண்டி ஜன்னல் வழியா உள்ள பாத்தா.

"வெளிய சரியாத்தான் இருக்கு. ஆனா இது அவரு வண்டி இல்ல."

"என்ன கொறை, சொல்லும்மா. சரி பண்ணிடறேன்."

"ஏறிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," அப்படின்னா. வண்டி அவரு கைக்கே வந்துடுச்சு. கதவு டப்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ அவரு நேரா வெல்டிங் கடைக்குப் போனாரு. சேர்மதுரைகிட்ட வண்டியை நீட்டினாரு. "இதுல என்னடா இல்ல?"

சேர்மதுரை கண்ணாடியைக் கழட்டிட்டு உத்துப் பாத்தான். "படி இல்ல அண்ணாச்சி."

"என்ன படி?"

"இடது பக்கக் கதவுக்குக் கீழ ஒரு இரும்புப் படி வெல்டு வச்சிருந்தோம். மூணு தடவை பிச்சுப் பிச்சு வைக்கச் சொன்னான், என் உசிரை எடுத்துட்டான். ஒசரம் சரியில்ல, ஒசரம் சரியில்லன்னு. எங்க அப்பாவுக்கு முட்டி மடங்காது, அவரு கடைப் படி என்ன ஒசரமோ அதே ஒசரம் வைன்னான்."

ஆவுடையப்பன் வண்டியோட இடது பக்கத்தைத் தடவிப் பாத்தாரு.

"அப்புறம் அந்தப் பக்க சீட்டு. ஒரு காரோட சீட்டை வாங்கிட்டு வந்து போட்டான், மெத்து மெத்துன்னு இருக்கும். மேல பிளாஸ்டிக் உறையைக் கழட்டவே இல்ல. தார் ஏத்தற ஆளுங்க ஏறப் போனா வெரட்டுவான். பின்னாடி போங்கலே, அந்த சீட்டுக்கு ஆள் இருக்குன்னு சொல்லுவான். கனிகூட நடுவுல கியர் பெட்டி மூடி மேல கோணியைப் போட்டுத்தான் உக்காந்து போகும்."

"முன்னாடியே ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கலியே அண்ணாச்சி."

ம் சொல்லு கண்ணு. நீ சொல்லலேன்னா எனக்கே நின்னு போயிடுது.

ம்.

அவரு வீட்டுக்கு வந்தாரு. தன் கடைப் படியை அன்னிக்குத்தான் புதுசாப் பாக்கற மாதிரி பாத்தாரு. குனிஞ்சு நூல் பிடிச்சு அளந்தாரு. மகன் எங்கேயோ எதிர்த்த பக்கம் நின்னு, அப்பா படி ஏறறதை எத்தனை தடவை பாத்திருப்பான்! அவன் பாத்துட்டு நின்னப்போ இவரு எதைப் பாத்துட்டிருந்தாரோ.

பெரிய அளவைச் சின்ன அளவாக்கி, ஒரு படி செஞ்சாரு. கடவாப்பல் அளவுதான் இருந்துச்சு. பழைய பர்ஸோட தோலை அறுத்து ஒரு சீட்டு தெச்சாரு. உள்ள பஞ்சு வச்சாரு. மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாளைப் போத்தினாரு. போத்திட்டு, சுண்டு வெரலால அந்த சீட்டை ஒரு தடவை அமுக்கிப் பாத்தாரு. மெத்துன்னு உள்ள போச்சு. அவ்ளோ பெரிய மனுஷன், கடைக் கதவைச் சாத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதாரு. மேசை மேல வாயெல்லாம் சிரிச்சுட்டே இருந்துச்சு.

அப்புறம் மூணாவது தடவையா வண்டியோட பாலத்தைத் தாண்டினாரு.

சண்முகக்கனி வாங்கினா. இடது பக்கத்தைத்தான் மொதல்ல பாத்தா. படியைப் பாத்தா. நகத்தால கதவைத் திறந்தா. சீட்டைப் பாத்தா, உறையைப் பாத்தா.

"சேர்மதுரை அண்ணன் வந்து சொன்னாங்களா?"

"நான் போய்க் கேட்டேம்மா."

அவ அப்படியே வாசப்படியில உக்காந்துட்டா. அவ உக்காந்ததும் வழி விட்டுடுச்சு. உள்ளேயிருந்து குடுகுடுன்னு ஒரு பிள்ளை ஓடி வருது. சுருட்டை முடி. பேச்சிராஜாவோட அதே முழிக் கண்ணு. அவரு அதைக் கண்கொட்டாம பாக்கறாரு. அது அவரைப் பாக்கல, வண்டியைப் பாக்குது. "எங்க அப்பா வண்டி!" அப்படின்னு வெடுக்னு பிடுங்கி, தரையில வச்சு, டுர்ர்ர்னு ஒரே தள்ளு. வண்டி போய்த் தூண்ல இடிச்சுது. டிக். படி தெறிச்சு விழுந்துடுச்சு.

ஆவுடையப்பன் பதறிப் போய்க் குனிஞ்சாரு. முட்டி மடங்கல.

"விடுங்க," அப்படின்னா சண்முகக்கனி. "நெஜ வண்டியிலயும் அந்தப் படியில யாரும் கால் வச்சதில்ல."

ஆமா கண்ணு. அவரு குனிஞ்ச முதுகை நிமித்திக்கிட்டாரு.

அப்போ பிள்ளை அந்தப் படியை எடுத்துட்டு வந்து அவருகிட்ட நீட்டுச்சு. "ஒட்டு."

"பசை கொண்டு வரலியே தாயி. ஞாயித்துக்கிழமை கொண்டு வரட்டுமா?" பிள்ளைகிட்டதான் சொன்னாரு, ஆனா அம்மா முகத்தைப் பாத்துச் சொன்னாரு. அவ வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல.

ஞாயித்துக்கிழமை பசையோட போனாரு. வாசல்லயே உக்காந்து ஒட்டினாரு. அடுத்த ஞாயிறு ஒரு சக்கரம் கழண்டு கெடந்துச்சு. அதுக்கடுத்த ஞாயிறு விளக்கு. அப்புறம் கதவு. பிள்ளை போட்டு உடைச்சுட்டே இருக்கும், அவரு ஒட்டிட்டே இருப்பாரு. ஒரு டம்ளர்ல தண்ணி வரும். கொஞ்ச நாள் கழிச்சு டீ வந்துச்சு. பேச்சு மட்டும் வரல. வேலை முடிஞ்சா அவரு எழுந்து போயிடுவாரு. வேலை இருக்கற வரைக்கும்தானே அங்க உக்காரலாம்?

ம்.

அப்படியே நாள் போச்சு. பிள்ளைக்கும் வெவரம் வந்துடுச்சு. வண்டியை அலமாரியில வச்சு, பாத்துட்டு மட்டும் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை அவரு போறாரு. "என்ன தாயி, இன்னிக்கு எது உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல! நான் பத்திரமா வச்சிருக்கேன்," அப்படின்னு பெருமையாச் சொல்லுச்சு அது.

"கெட்டிக்காரி," அப்படின்னாரு. பசை டப்பியை மறுபடி சட்டைப்பையில போட்டாரு. கொஞ்ச நேரம் வாசல்ல நின்னாரு. நிக்கறதுக்குக் காரணம் ஒண்ணும் தோணல. மெதுவாத் திரும்பினாரு. கேட்டு வரைக்கும் போயிட்டாரு.

உள்ள சண்முகக்கனி பாத்துட்டே இருந்தா. அப்புறம் எழுந்தா. அலமாரியில இருந்து வண்டியை எடுத்தா. பிள்ளை "அம்மா, அம்மா!"ன்னு கத்துது. அவ வண்டியோட பக்கக் கண்ணாடியை ரெண்டு வெரலால பிடிச்சா. டிக்.

வாசலுக்கு வந்து நின்னா.

"இது விட்டுப் போச்சு மாமா," அப்படின்னா. "உள்ள வந்து உக்காந்து ஒட்டிக் குடுங்க."

அவ்ளோதான் கண்ணு. அவரு உள்ள போயிட்டாரு, கதையும் அவரு பின்னாடியே போயிடுச்சு. நீயும் கண்ணை மூடு. தூங்கு.