சாக்பீஸ் கோடு

எங்கள் புனித சந்தியாகப்பர் கோயில் பங்கில் ஒரு சீடர் இருந்தார். வயது அறுபத்து நான்கு. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். சீடர், ரெஜிஸ் வாத்தியார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொண்டையைச் செருமினால் மூன்று வகுப்பு அடங்கும். குரு, எங்கள் பங்குச்சாமி அமலன். நான் கோயிலில் ஹார்மோனியம் வாசிக்கிறவன். இரண்டு பேரையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ஓய்வு பெற்ற மறுவாரமே வாத்தியார் சாமியிடம் போய் நின்றார்.

"சாமி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிரம்பு இல்லாத இடத்துல பிள்ளைகளை எப்படி வளர்க்கிறதுன்னு தெரியாது. நல்ல குணம் அவங்களுக்குள்ள எப்படி சாமி போகும்?"

"ஞாயிறு மறைக்கல்வியை நீங்க எடுத்துக்கோங்க சார். கேள்வி பத்திரமா இருக்கட்டும்."

வாத்தியார் ஆறு வருஷம் மறைக்கல்வி நடத்தினார். பத்துக் கட்டளையைத் தலைகீழாகச் சொல்லும் பிள்ளைகள் உருவானார்கள். கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

ஏழாவது வருஷத் திருவிழா வந்தது.

எங்கள் சந்தியாகப்பர் சப்பரத்தை எட்டுப் பேர் தோளில் தூக்குவார்கள். யார் தூக்குவது என்பதற்கு ஒரே கணக்கு, உயரம். கொடியேற்றத்துக்கு மறுநாள் வருகிறவர்களையெல்லாம் கோயில் நிலைக்கதவில் நிற்க வைத்து, தலைக்கு மேல் சாக்பீஸால் கோடு போட்டுப் பேர் எழுதுவோம். ஒரே கோடு வருகிற இரண்டு பேர் ஒரு ஜோடி. கடற்கரையில் சிலுவை நிற்கிற குருசடிக்கு இறக்கமான பாதை, அதனால் நெடியவர்கள் முன்னால். திரும்பும்போது ஏற்றம், அவர்களே பின்னால்.

அந்த வருஷமும் வாத்தியார்தான் கோடு போட்டார். தையல்கடை காஸ்மீர் அண்ணனுக்கும் பத்தொன்பது வயது அன்ட்ரோவுக்கும் ஒரே கோடு. ஊரிலேயே ஆறடி தாண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான். கடைசியில் சாமி சாக்பீஸை வாங்கிக்கொண்டார்.

"சார், நீங்களும் நில்லுங்க."

"நான் எதுக்கு சாமி? நான் மைக் பிடிக்கிறவன்."

"சும்மா நில்லுங்க சார்."

வாத்தியார் கூச்சத்தோடு நின்றார். சாமி கோடு போட்டு 'ரெஜிஸ்' என்று எழுதினார். எல்லாரும் கை தட்டினோம்.

மூன்றாம் நாள் இளைஞர் கைப்பந்துப் போட்டி. காஸ்மீர் அண்ணன்தான் நடுவர். கடைசிப் புள்ளியில் பந்து வெளியே விழுந்தது என்று விசில் ஊதினார். அன்ட்ரோ பாய்ந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்துவிட்டான்.  அடித்த பிறகு அவனே தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாத்தியாருக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். மறுநாள் ஒரு பட்டியலோடு சாமியிடம் வந்தார். என்னையும் சாட்சிக்கு இழுத்து வந்திருந்தார்.

"அன்ட்ரோ பேரை அடிச்சாச்சு சாமி. மறைக்கல்வியில எண்பதுக்கு மேல மார்க் வாங்கின பிள்ளைகள் பட்டியல் இது. அவன் இடத்துக்கு டிக்சன். ஆறு வருஷமும் முதல் பரிசு."

"அன்ட்ரோகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். இனிமே கோயில் வாசலை மிதிக்க மாட்டேன்னான். மிதிக்காட்டிப் போறான்."

சாமி பட்டியலை வாங்கிப் பார்த்தார்.  அன்ட்ரோ சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை வெளியே போனால் போனவன்தான், திரும்ப மாட்டான்.

"சரி சார். நாளைக்கு ஒத்திகை பார்த்துருவோம்."

ஒத்திகைக்குச் சந்தியாகப்பர் சுரூபத்துக்குப் பதிலாக நாலு மணல் மூட்டை வைப்போம். காஸ்மீர் அண்ணன் முன்னால் இடப்பக்கம், டிக்சன் வலப்பக்கம். தங்கமான பிள்ளை, ஆனால் ஐந்தரை அடி. சப்பரத்தைத் தூக்கினார்கள். டிக்சன் குதிகாலை உயர்த்திப் பார்த்தான். சப்பரத்தின் தண்டு அவன் தோளைத் தொடவே இல்லை. பத்தடி போவதற்குள் ஒரு மூட்டை சரிந்து விழுந்தது.

"இறக்குங்க, இறக்குங்க!" காஸ்மீர் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "சாமி, என்னை அடிச்ச பயலையே கூட்டிட்டு வாங்க. இந்த நல்ல பிள்ளை என் தோளை ஒடிச்சிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.

"அடிச்சவனை எப்படி சாமி..."

"அடி வாங்கினவர் கூப்பிடுறாரே சார். நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க."

வாத்தியார் போனார், கூட நானும். அன்ட்ரோ வலை காயப்போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"காஸ்மீர் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"சும்மா சொல்லாதீங்க சார். அவரு என்னைப் பக்கத்துல நிக்க விடுவாரா?"

"நீ இல்லாம அவரால தூக்க முடியலைடே."

அவன் மறுபடி வலையைப் பிரித்துப் போட்டான். பிறகு மூக்கை உறிஞ்சினான். அழுகிறான் என்று தெரிந்ததும் நாங்கள் வந்துவிட்டோம்.

பத்தாம் திருநாள் காலை, திருப்பலி முடிந்து சப்பரம் கிளம்ப வேண்டும். அன்ட்ரோ கடைசி நிமிஷத்தில் வந்து தண்டுக்குக் கீழே நின்றான். காஸ்மீர் அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார். தன் துண்டை நாலாக மடித்து அவன் தோளில் வைத்தார்.

"முதல் தடவை. தோல் உரிஞ்சிரும். வச்சுக்கோ."

"உங்களுக்கு?"

"எனக்குத் தோள் காய்ச்சுப் போச்சுல. இடது கால் முதல்ல, என்ன?"

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

வாத்தியார் வழக்கம்போல மைக்கோடு முன்னால் நடந்தார். பாதி இறக்கத்தில் அன்ட்ரோவின் காலில் கிளிஞ்சல் ஏறிவிட்டது. ரத்தம் மணலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் பார்த்துவிட்டு ஓடினேன்.

"விடுல, வேற ஆளைப் போடுறோம்!"

"விட்டா அண்ணன் மேல விழும்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

வாத்தியார் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த செபம் பாதியில் நின்றது. பின்னால் திரும்பி அவனையே பார்த்தபடி நடந்தார்.

குருசடியில் சப்பரத்தை இறக்கினோம். காஸ்மீர் அண்ணன் மண்டிபோட்டு அன்ட்ரோவின் காலைத் தன் மடியில் வைத்து, கிளிஞ்சலைப் பிடுங்கிக் கட்டுப் போட்டார். அவன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் என்ன வெட்கம்.

வாத்தியார் சாமியிடம் வந்தார். 

"சாமி, ஆறு வருஷம் 'பிறரை நேசி'ன்னு கரும்பலகையில எழுதிப் போட்டேன். அந்தப் பயலுக்கு ஒரு எழுத்தும் ஏறலை. இன்னைக்கு மட்டும் எங்கேயிருந்து வந்துது?"

"சாயங்காலம் சொல்றேன் சார்" என்றார் சாமி. சாயங்காலம் நாலு மணிக்குச் சப்பரம் திரும்ப வேண்டும். இரண்டாம் வரிசை ஞானப்புக்குத் தோள் வீங்கியிருந்தது. ஒரு ஆள் குறைந்தது. அன்ட்ரோ கட்டுப் போட்ட காலோடு தன் இடத்துக்கு வந்து நின்றுவிட்டான்.

சாமி வாத்தியார் கையிலிருந்த மைக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"சார், நிலைக்கதவுல உங்க கோடும் ஞானப்பு கோடும் ஒண்ணுதான்."

 வாத்தியார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தண்டுக்குக் கீழே போய் நின்றார். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, நாலாக மடித்த துண்டை அவர் தோளில் வைத்தது.

"இடது கால் முதல்ல சார்" என்றான் அன்ட்ரோ.