கரடி பூசிய வெடிப்பு

ஒரு காட்டில் ஒரு மலை இருந்தது. அதன் அடியில் இரண்டு பெரும்பாறைகள், விலையில் இறங்கிவராத இரண்டு வியாபாரிகளைப் போல, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டே கிடந்தன. அவை உரசிய கோடு, மேலே ஒரு குகையின் கூரையில் வெடிப்பாகத் தெரிந்தது.

அந்தக் குகையைக் கரடி நரியிடம் வாங்கியிருந்தது. "வெடித்த கூரைக்கு மூன்று தேனடையா? யாரிடம் கதை விடுகிறாய்? ஒன்றுதான் தருவேன்!" என்று கத்தியே காரியத்தை முடித்தது.

குடிவந்ததும் வெடிப்பில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியது. பூச்சு பிளந்தது. மறுபடி பூசியது. மறுபடியும் பிளந்தது.

"இந்த மண் சரியில்லை" என்று மண்ணைத் திட்டியது கரடி. கடைசியில் குகையையே யார் தலையிலாவது கட்டிவிட நினைத்தது.

ஒரு நாள் மத்தியானம், புதுப்பூச்சு காய்ந்த நேரம் பார்த்து, முள்ளம்பன்றி குடியிருக்க இடம் தேடி வந்தது.

"மழைக்காலம் முழுக்கத் தின்னக் கிழங்கு கொடு. குகை உனக்கு" என்றது கரடி.

"கூரையில் வெடிப்பு என்றார்களே, அக்கா?"

"எந்த வெடிப்பு? கண்ணைத் திறந்து பார்!"

முள்ளம்பன்றி தரையைப் பார்த்தது. கரடிக்குட்டியின் இலைப்படுக்கை வாசலோரம் கிடந்தது. "உள்ளே இவ்வளவு இடம் இருக்க, பிள்ளையை ஏன் வாசலில் போட்டிருக்கிறாய்?"

கரடிக்குச் சுர்ரென்று ஏறியது. "காற்றுக்காக! சந்தேகமா? இதோ!" படுக்கையை இழுத்து, பூச்சுக்கு நேர் கீழே போட்டு, குட்டியைப் படுக்கவைத்தது.

"பிள்ளை ஒரு தூக்கம் தூங்கி எழட்டும். கேட்டதைத் தருகிறேன்" என்று முள்ளம்பன்றி வெளியே போய் உட்கார்ந்தது.

குட்டி தூங்கிவிட்டது. கரடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பூச்சில் மெல்லிய கீறல் ஓடியது. துளி மண் குட்டியின் மூக்கில் விழுந்தது. 'இன்னும் கொஞ்ச நேரம்தான், கிழங்கு வந்துவிடும்' என்று பல்லைக் கடித்தது. இன்னொரு பிடி மண் விழுந்தது.

கரடி குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, புல்லில் இறக்கிவைத்தது. "வெடிப்பு இருக்கிறது, போதுமா? வியாபாரம் இல்லை, போ!"

குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு கரடி சரிவில் இறங்கியது. முள்ளம்பன்றி பின்னாலேயே ஓடி வந்தது. "இருந்தால் இருக்கட்டும், அக்கா! பாதிக் கிழங்கு தருகிறேன், எனக்கே கொடுத்துவிடு!"

அவை ஆற்றுமணலை எட்டியபோது, மலைக்கு அடியில் அந்தப் பெரும்பாறைகளில் ஒன்று நழுவியது. நிலம் உறுமியது. மரங்கள் தலைவிரித்து ஆடின. குகை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தூசி அடங்கியது. முள்ளம்பன்றி அதற்குமேல் விலை பேசவில்லை.

"நல்ல தூக்கம், ஏன் எழுப்பினாய்?" என்று சிணுங்கியது குட்டி. கரடி அதன் மூக்கிலிருந்த மண்ணை நக்கித் துடைத்தது.

நீதி: குறையைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், வாங்கிய பிறகு பூசி மறைத்தாலும் குறை அங்கேயேதான் இருக்கும்.