பாறையில் ஆடிய உடும்பு

ஆற்றங்கரை உடும்பு கெட்டியப்பனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வெயில் காயப் படுத்தான், எழுந்தான். மரத்தில் ஏறினான், இறங்கினான். ஒரு இடத்தில் நிற்க முடியாமல் அலைந்தான்.

விஷயம் இதுதான். அந்தக் காட்டுக் குரங்குகள் ஊர் மைதானத்தில் பையன்கள் ஆடுவதை எட்டிப் பார்த்தே பிரேக் டான்ஸ் கற்றுக்கொண்டு, ஆட்டக்குழுவும் சேர்த்துவிட்டன. மறுகரைக் காட்டுத் திருவிழாவுக்கு அன்று சாயங்காலமே பயணம். தரையில் கை ஊன்றி, காலைச் சுழற்றி, தாளம் தப்பாமல் ஒரு சுற்று வருபவருக்குத்தான் குழுவில் இடம். கெட்டியப்பனின் ஒரே கூட்டாளி அணில் மினுக்கிக்கு நேற்றே இடம் கிடைத்துவிட்டது. மழை தொடங்கினால் ஆறு பெருகிவிடும், போனவர்கள் உடனே திரும்ப முடியாது. இவன் தேறாவிட்டால் மழைக்காலம் முழுக்கத் தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

“மினுக்கி! சீக்கிரம் சொல்லிக் கொடு! தலையால சுத்துறதைக் காட்டு!”

“முதல்ல கால் வேலை! குந்து. ரெண்டு கையையும் முன்னால ஊனு. காலைச் சுத்திக் கொண்டா. கால் எந்தக் கைக்கிட்ட வருதோ, அந்தக் கையைத் தூக்கி வழி விடு!”

“கையைத் தூக்கினா விழுந்துருவேனே!”

“விழேன்! புல்லுதானே, என்ன குடி முழுகிப் போச்சு?”

கெட்டியப்பன் குந்தினான். கையை ஊன்றினான். நகம் மண்ணுக்குள் இறங்கியது. கால் வந்தது, கை எழவில்லை. கால் கையில் முட்டி நின்றது. மறுபடியும் அதே கதை. அவசரப்பட அவசரப்படப் பிடி இறுகியது. உடும்புப் பிடி என்று காடே மெச்சிய கை அல்லவா? அந்தப் பிடியைத் தளர்த்த அவனுக்கு மனசே வரவில்லை.

“தரைதான் சரியில்லை!” என்று சீறினான். “பாறையில ஆடினா பிடி இன்னும் பலமா இருக்கும்!”

“அட கூறுகெட்டவனே! ஆட்டத்துக்குப் பிடியா வேணும்?”

அவன் காதில் வாங்கவே இல்லை.

சாயங்காலம், பயணத்துக்கு முன் கடைசித் தேர்வு. மரங்கொத்தி தாளம் தட்டியது. எல்லோரும் புல்லில் ஆடினார்கள். கெட்டியப்பன் மட்டும் பாறைமேல் ஏறினான். குழுத் தலைவி மந்தி செவந்தி அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

“ம், ஆரம்பி!”

கையை ஊன்றினான். நகம் பாறை வெடிப்புக்குள் போனது. கால் வேகமாகச் சுழன்று வந்து தன் கையிலேயே மோதியது. வால் மேலே, தலை கீழே!

“கையை விடு!” என்று கத்தினாள் மினுக்கி.

“மாட்டேன்! விழுந்துருவேன்!”

“விழுந்துதான் கிடக்கிறே! விடுடா!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செவந்தி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். இருட்டுவதற்குள் ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

“போதும்ப்பா. கிளம்புங்க எல்லாரும்!”

மினுக்கி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே குழுவோடு போனாள்.

அவர்கள் சத்தம் அடங்கிய பிறகுதான் கெட்டியப்பனின் கை அசந்துபோய்ப் பிடியை விட்டது. புல்லில் உருண்டு விழுந்தான். வலிக்கவே இல்லை! எழுந்து குந்தினான். கால் வந்தது, கையைத் தூக்கினான், கால் தாண்டிப் போயிற்று. மறு கையையும் தூக்கினான். அட, ஒரு முழுச் சுற்று!

“மினுக்கி! வந்துடுச்சு, பாரு!”

கரையில் ஒருவரும் இல்லை. கெட்டியப்பன் கேவிக் கேவி அழுதான்.

விட வேண்டிய நேரத்தில் விடத் தெரியாதவனை, அவனுடைய கெட்டிப் பிடியே கட்டிப் போட்டுவிடும்.