காபிக் கம்பு ஊன்றிக் கேதாரம்

குற்றாலிங்கம் கேதார்நாத் போய்த் திரும்பியதிலிருந்து தென்காசியில் அவர் வீட்டுக் கூடம் காலியாகவே இல்லை. கங்கைத் தீர்த்தம் வாங்க வந்தவர்களை உட்காரவைத்துக் கதையோடுதான் செம்பைக் கொடுத்தார். அவர் மனைவி கோமதிக்கு மட்டும் வயிறு எரிந்தது. இருவருமாகப் போவதாகத்தான் பேச்சு. புறப்படுகிற நேரத்தில், "வீட்டை யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டு மனுஷர் தனியாகப் பையைத் தூக்கிவிட்டார். அடுத்த வருஷமாவது தன்னை அனுப்பச் சொல்லி அவள் கேட்கக் கேட்க, அவர் வாயில் மலை உயர்ந்துகொண்டே போனது.

"பாதி ஏத்தத்துல என் குதிரைக்கு மூச்சு வாங்கிட்டு. பாவமாப் போச்சு. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டேன். கோயில் வாசல்ல இறக்கிவிட்டா, இறங்க மாட்டேங்குது!"

"கைக்குக் கம்பாவது இருந்துதா அத்தான்?" என்றான் கோமதியின் தம்பி சண்முகையா.

"அதைக் கேளு மாப்ளே. எங்க யாத்திரைக் குழுச் சமையக்காரரு காபியைத் தூக்கி ஆத்துனாரு. குளிர்ல அது அந்தரத்துலயே உறைஞ்சு கம்பா நின்னுட்டு. அதை ஊனித்தான் ஏறினேன். பசிச்சா நுனியில ஒரு கடி."

"சீனி போட்டதா?"

"போடாம?"

கூடம் சிரித்தது. குற்றாலிங்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்கய்யா. உச்சியில நின்னு பாத்தா தென்காசி தெரியுது. நம்ம மொட்டைமாடியில என் வேட்டி காயுது. குத்தாலத்துப் பக்கம் மேகம் திரளுது. 'ஏட்டி கோமதி, மழை வருது, துணியை எடு!'ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஓடிவந்து எடுத்துட்டாள்லா! வேணும்னா அவளையே கேளுங்க."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. குற்றாலிங்கம் கண்ணாலேயே கெஞ்சினார். இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் கோமதி அவரை விட்டுக்கொடுத்ததில்லை. அன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆமா, நல்லாக் கேட்டுது. வேட்டியை எடுத்தேன்" என்றாள்.

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கோமதி அவர் பக்கம் திரும்பினாள்.

"அங்கன இருந்தே வீட்டைப் பாத்துக்கிடலாம்னு தெரிஞ்சுபோச்சுல்லா? அதான் அடுத்த வருஷ யாத்திரைக் குழுவுக்கு என் பேரைக் குடுத்துட்டேன். எப்ப அரிசி களையணும், எப்ப அடுப்பை அணைக்கணும்னு மேல நின்னு நான் கத்துதேன். நீங்க இங்கன காதைத் தீட்டிக்கிட்டு இருங்க."