வேம்பு ஓங்கிய கை

அவசரப்பட்டு விடை சொல்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்க வேண்டாம். கொஞ்சம் பொறுமை இருப்பவர்கள் மட்டும் கேளுங்கள்.

ஊர் ஓரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு. அதற்குக் கனகவல்லி டீச்சர். பிள்ளைகளை ஆசிரியர்கள் அடிக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருந்ததால் அவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. மகராசி, பிள்ளைகளை விட்டே பிள்ளைகளைக் கொட்டச் சொல்வார். பெருக்கல் வாய்ப்பாடு கேட்கும் நேரத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். கேள்வி வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் கடந்து போகும். யார் சரியாகச் சொல்கிறாரோ அவர் திரும்பி வந்து, தெரியாமல் நின்ற எல்லோர் தலையிலும் ஒரு கொட்டு வைக்க வேண்டும்.

அதற்கும் சட்டம் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவு கொட்டுதான். ஒருவருக்கு மெல்ல வைத்து இன்னொருவருக்கு ஓங்கி வைத்தால், ஓங்கி வாங்கியவர் அதே கொட்டை அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம். விடை தெரிந்தும் தெரியாததுபோல் நின்றால் இன்னும் மோசம். ஒருமுறை சித்தப்பா மகனைக் கொட்ட மனமில்லாமல் ஒருவன் அப்படி நின்றான். வகுப்பு முழுவதும் வரிசையில் வந்து அவனைக் கொட்டிவிட்டுப் போனது.

வரிசையின் கடைசியில், ஜன்னலோரம் நிற்பவன் தினகரன். கேள்வி அவனிடம் போய்த்தான் நிற்கும். பயல் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. கொட்டிலும் கெட்டிக்காரன்தான். நடுவிரலை மடக்கி, ஒரே அளவாக, எல்லோருக்கும் கண்ணில் நீர் வரும்படி வைப்பான். சட்டப்படி யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதே வரிசையில் நிற்கும் வேம்பு என்ற சிறுமியிடம் வரும்போது மட்டும் மடக்கிய விரலை வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டு, "மக்கு வேம்பு" என்று சொல்லிக் கொட்டுவான்.

வலியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயில் நின்றால் மக்கு வேம்பு, சத்துணவு வரிசையில் நின்றால் மக்கு வேம்பு. கடைசியில் வீட்டில் அவள் தங்கச்சியே அப்படிக் கூப்பிட்ட அன்று வேம்பு சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எல்லோரும் பார்க்க அவன் மண்டையில் ஒரே ஒரு கொட்டு, அவன் வாழ்நாளுக்கும் மறக்காத கொட்டு வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

அரைப் பரீட்சை விடுமுறை வந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டைப் படித்து வரச் சொல்லியிருந்தார் டீச்சர். வேம்பு வெறி பிடித்தவள் மாதிரிப் படித்தாள். சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து பெஞ்சு ரஹீமா. ஏழு பதினாறில் வேம்புக்கு நாக்கு புரளும். ரஹீமா அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். தினகரனோ புத்தகத்தைத் தொடவில்லை. கேள்வி தன்னிடம் வந்து சேர்வதற்குள் நாலு பேர் உளறுவதைக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

பள்ளி திறந்த அன்று மின்சாரம் இல்லை. டீச்சர் காற்றுக்காக ஜன்னலோரம் போய் நின்றார். நின்றவர் கேள்வியையும் அங்கிருந்தே தொடங்கிவிட்டார்.

"தினகரா, ஏழு பதினாறு?"

அவன் விழித்தான். ஜென்மத்தில் முதல் தடவையாக வாய் திறக்காமல் நின்றான். அடுத்து நின்றவள் ரஹீமா. அவள் ஒரு கணம் வேம்புவைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்றாள். கேள்வி வேம்புவிடம் வந்தது.

"நூற்றுப் பன்னிரண்டு, டீச்சர்."

சரிதான் என்றார் டீச்சர். போய் இரண்டு பேருக்கும் வை என்றார்.

வேம்பு முதலில் ரஹீமாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணே?" என்றாள், உதடு அசையாமல்.

"பேசாம ஓங்கி வைடி. நான் பல்லைக் கடிச்சுக்கிறேன்."

தினகரனுக்கு ஓங்கி வைக்க வேண்டுமானால் ரஹீமாவுக்கும் ஓங்கி வைக்க வேண்டும். ரஹீமாவுக்கு மெல்ல வைத்தால் தினகரனுக்கும் மெல்லத்தான், காத்திருந்ததெல்லாம் பாழ். உண்மையைச் சொன்னாலோ வகுப்பே வந்து ரஹீமாவைக் கொட்டும். பக்கத்தில் தினகரன் தலையைத் தடவிக்கொண்டு நின்றான். அவனுக்கும் இதெல்லாம் புரிந்துவிட்டது போலும், லேசாகச் சிரித்தான்.

வேம்பு கையை ஓங்கிவிட்டாள். சொல்லுங்கள், தோழிக்கும் வலிக்காமல், பழியும் தீர, அவள் என்ன செய்திருப்பாள்?

விடை: ரஹீமாவின் உச்சியில் விரல் பட்டும் படாமலும் வைத்தாள். தினகரனுக்கு அவன் கற்றுக்கொடுத்த மாதிரியே நடுவிரலை மடக்கி, ஊதி, தோள் பலம் முழுவதையும் சேர்த்து இறக்கினாள். "ஐயோ" என்று அவன் குந்திவிட்டான். அளவுக்கு மேல் ஓங்கிவிட்டாள், அவன் திருப்பிக் கொடுக்கலாம் என்றார் டீச்சர். வேம்பு அதற்குள் அவன் முன்னால் தலையைக் குனிந்து நின்றிருந்தாள். அவனும் எழுந்து ஆத்திரம் தீரக் கொட்டினான். வேம்பு சிரித்துக்கொண்டே இடத்துக்குப் போனாள். அவன் கொட்டு அவளுக்குப் பழகிப்போனது. அவள் கொட்டுதான் அவனுக்குப் புதிது. அன்று பள்ளி விடும்வரை அழுதுகொண்டிருந்தவன் அவன்தான்.