கொக்கு வேண்டாமென்ற வசனம்

காட்டோரத்துக் குளம் ஒன்றில் வேதமுத்து என்ற கொக்கு சபை நடத்திவந்தது. ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, முக்கால் மணி நேரம் ஜெபிக்கும். நடுவில் மீன் வந்தால் மட்டும் ஒரு கண்ணைத் திறக்கும்.

ஜனவரி முதல் தேதி, வருஷப் பிறப்பன்று காலையில் அங்கே வாக்குத்தத்தம் எடுப்பது வழக்கம். பூவரச இலைகளில் வேத வசனங்களைக் கொக்கு அலகால் கீறி, ஒரு சுரைக்குடுக்கையில் போட்டு வைக்கும். ஆளுக்கு ஓர் இலை எடுக்க வேண்டும். எது வருகிறதோ, அந்த வருஷம் முழுக்க அதுதான் அவருக்குக் கர்த்தர் தந்த வாக்கு.

தவளை ரூபிக்கு, "உன்னைப் பெருகப்பண்ணுவேன்" என்று வந்தது.

"அல்லேலூயா! போன வருஷமே நாலாயிரம் முட்டை!" என்று குதித்தது ரூபி.

ஆமை மாசிலாமணிக்கு, "விழுந்தவனைக் கர்த்தர் தூக்கிவிடுவார்" என்று வந்தது.

"நான் எங்கே விழப்போறேன்? தரையோட தரையாத்தானே போறேன்!" என்று சிரித்தபடி, இலையை ஓட்டுக்குள் செருகிக்கொண்டது ஆமை.

கொக்கும் ஓர் இலை எடுத்தது. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள்" என்றிருந்தது. கொக்கின் முகம் சுண்டிப்போனது.

"இதுல ஆசீர்வாதமே காணோமே! வேலைதானே சொல்லுது!" என்று முணுமுணுத்தது. யாரும் பார்க்குமுன் அதைக் குடுக்கைக்குள் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தது. "நீ தலையாயிருப்பாய்" என்று வந்தது.

"ஆமென்!" என்றது கொக்கு, சத்தமாக.

எல்லாம் முடிந்தபின் சேறும் சகதியுமாக ஓர் எருமை வந்து நின்றது. "எனக்கும் ஒண்ணு கிடைக்குமாய்யா?"

குடுக்கையில் மிச்சமிருந்தது, கொக்கு வேண்டாமென்று போட்ட அந்த ஒரே இலைதான். எழுத்து தெரியாத எருமைக்குக் கொக்கே வாசித்துக் காட்டியது. எருமை இரண்டு தரம் தலையாட்டியது. பிறகு இலையை மென்று விழுங்கிவிட்டது.

"ஐயோ! கர்த்தரோட வார்த்தையைத் தின்னுட்டானே!" என்று ரூபி தலையில் அடித்துக்கொண்டது.

"வாசனை நல்லா இருந்துச்சுக்கா," என்றது எருமை.

சித்திரை மாதம் வந்தது. ஒருநாள் ஆமை மதகுக் கல்லில் ஏறும்போது வழுக்கி, மல்லாந்து விழுந்தது. நாலு காலும் காற்றில் துழாவின. வெயில் ஏற ஏறக் கல் கொதித்தது. உச்சிப்பொழுதுக்குள் புரண்டு எழாவிட்டால், ஆமை தன் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோகும்.

"வேதமுத்தண்ணே! ஒரு தள்ளு தள்ளி விடுங்க!"

கொக்கு ஓடிவந்தது. அலகை நீட்டியது. சட்டென்று நிறுத்திக்கொண்டது.

"தம்பி, இந்த வருஷம் உன் வாக்குத்தத்தம் என்ன?"

"விழுந்தவனைக் கர்த்தர் தூக்கிவிடுவார்... அண்ணே, முதுகு சுடுது!"

"பாத்தியா! அது நிறைவேறுற நாள் இன்னிக்குத்தான்! நடுவுல நான் அலகை வெச்சா, கர்த்தர் மேல எனக்கு நம்பிக்கை இல்லன்னு ஆயிடாதா?"

"பரவாயில்லண்ணே! அவர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்!"

"அவிசுவாசமாப் பேசாதே!"

ரூபிக்கு மனசு கேட்கவில்லை. "நான் வேணா கொஞ்சம் தண்ணி தெளிக்கட்டுமா?"

"தெளிச்சா அற்புதத்துல பாதி உன் பேருக்குப் போயிடும்! வா, ஜெபிக்கலாம்."

இரண்டும் கண்ணை மூடின. உலகம் உண்டானதிலிருந்து ஜெபத்தை ஆரம்பித்தது கொக்கு. நோவா பேழையை விட்டு இறங்குவதற்குள், ஆமையின் கால்கள் துழாவுவதை நிறுத்திவிட்டன.

அந்த நேரம் எருமை தண்ணீர் குடிக்க வந்தது.

"என்ன மாசிலாமணியண்ணே, இப்படிக் கிடக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. ஆமை புரண்டு, மதகிலிருந்து தொப்பென்று தண்ணீருக்குள் விழுந்தது.

சத்தம் கேட்டுக் கொக்கு கண்ணைத் திறந்தது.

"கெடுத்துட்டியேடா! இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா கர்த்தரே தூக்கியிருப்பாரே! இப்படிச் செய்யச் சொல்லி உனக்கு யாருடா சொன்னது?"

எருமை மிரண்டுபோனது. "நீங்கதான்யா வாசிச்சுக் காட்டினீங்க. பாரத்தைச் சுமக்கணும்னு."



தண்ணீருக்குள்ளிருந்து ஆமை மெல்லத் தலையை நீட்டியது. "கர்த்தர் வந்தாருண்ணே. தூக்கிவிட்டாரு. நீங்கதான் கண்ணை மூடிட்டு இருந்தீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொக்கு சபையில் எழுந்து சாட்சி சொன்னது. "நான் நோவா வரைக்கும்தான் ஜெபிச்சேன். அதுக்குள்ள கர்த்தர் கேட்டுட்டார்!" எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பின்னால் நின்ற எருமைக்கு உட்கார இடமில்லை. ஆமை மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

கர்த்தர் தூக்கிவிடுவார் என்று விழுந்தவனிடம் சொல்லும்போது, தூக்குவதற்கு அவர் தேடுவது நம்முடைய கையைத்தான்.